முன்னேறிக்கொண்டே போன மூளை

டொலீடோ ஆன்வில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சின்னம் ஒரு பட்டறைக்கல். மற்ற ஊர்க்காரர்கள் கரடி, கழுகு, காட்டெருமை என்று கடிக்கிற, கொத்துகிற, முட்டுகிற பிராணிகளாகப் பார்த்து ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அடிவாங்குவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட பொருளை ஒட்டிக்கொண்ட அணி இது ஒன்றுதான். ஆட்டக்காரர்கள் இதைப் பற்றி யோசித்ததில்லை. யோசிப்பது உங்கள் வேலை அல்ல என்று உடைமாற்றும் அறையின் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

லோன்செல் பிக்கெட் அந்த அணியில் லைன்பேக்கராக வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் அலபாமாவில், கோழி வெட்டும் ஆலைக்குப் பின்னால். லைன்பேக்கரின் வேலை எளிமையானது. முன்வரிசைத் தடியர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எதிரணியில் பந்து யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பந்து தன் கைக்கு வந்ததற்காக அவன் வருந்தும்படி செய்ய வேண்டும். லோன்செல்லுக்கு இதற்குத் தேவையான தோள்கள் இருந்தன. தேவையில்லாத ஒன்றும் இருந்தது: அபாரமான ஞாபகசக்தி. கல்லூரியில் வேதியியல் வகுப்பில் தனிமங்களின் அட்டவணையைத் தலைகீழாகச் சொல்லி ஆசிரியரையே மிரள வைத்தவன்.

முகாமின் முதல் நாள், ஆடுகளத்தில் கால் வைப்பதற்கு முன்பே, புதியவர்களுக்கு ஒரு மூளைச் சோதனை உண்டு. மருத்துவர் ஐந்து சொற்களைச் சொல்வார். சற்றுக் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கி நடத்திக்கொண்டு போக வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மொத்தம் முப்பது மதிப்பெண். இதற்கு அடிப்படை மதிப்பெண் என்று பெயர். பின்னால் எப்போதாவது தலையில் அடிபட்டால் இதே சோதனையை மறுபடி வைப்பார்கள். மதிப்பெண் அடிப்படைக்குக் கீழே போயிருந்தால் தலையில் காயம். போகாவிட்டால் காயம் இல்லை. அடிப்படை மதிப்பெண்ணை ஆயுளில் ஒருமுறைதான் எடுப்பார்கள். ஒருவனுக்கு மூளை ஒன்றுதானே என்பது லீக்கின் விளக்கம்.

அன்று காலை உணவுக்கூடத்தில் அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவன் வேர்ன் பர்டெட். அணியின் மூத்த லைன்பேக்கர். அவனுடைய வலது கைவிரல்கள் ஐந்தும் ஐந்து திசை காட்டும். தட்டில் இருந்த முட்டையை அவற்றால் வளைத்துப் பிடித்துத் தின்றுகொண்டே கேட்டான்.

"தம்பி, நீ படிச்சவனாமே?"

கொஞ்சம் என்றான் லோன்செல்.

"அதை அந்த ரூமுக்குள்ள காட்டிக்காத. நல்லா எழுதினவன் எவனும் இங்க மூணு சீசன் தாண்டினதில்ல. ஒரு இடி வாங்கினா மார்க் இறங்கும். இறங்கினா உக்கார வைப்பான். நீ உக்காந்தா உன் எடத்துல இன்னொருத்தன் வந்து நிப்பான். அப்புறம் நீ ஊர்ல கோழிதான் வெட்டணும். அதனால முதல்லயே தரையோட தரையா படுத்துக்க. தரையில படுத்தவன் எங்கடா விழுவான்?"

இது அந்தத் தொழிலின் பரம்பரை வழக்கம். ஒவ்வொரு ஆட்டக்காரனும் தனக்கு முன்னால் வந்தவனிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டான். எல்லோரும் கௌரவமாகத் தப்பாகச் சொன்னார்கள். பதினெட்டு, இருபது என்று நம்பும்படியான ஒரு முட்டாள்தனத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். லோன்செல்லுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

மருத்துவரின் பெயர் எல்லிங்வுட். அவர் சுதந்திரமான மருத்துவர். சம்பளமும் காரும் வீடும் தவிர அணியிடமிருந்து அவர் எதுவும் பெறுவதில்லை. அவர் நிறுத்தி நிதானமாக ஐந்து சொற்களைச் சொன்னார்: எலுமிச்சை, ஏணி, கம்பளி, முரசு, பாலம். ஐந்தும் ஆணி அடித்ததுபோல லோன்செல்லின் தலைக்குள் இறங்கி நின்றன. திருப்பிக் கேட்டபோது அவன் மேலே மின்விசிறியைப் பார்த்தான். பிறகு, "கோழி" என்றான்.

மற்றவை என்றார் மருத்துவர்.

"இன்னொரு கோழி."

மாதங்களில் டிசம்பருக்கு அடுத்து கிறிஸ்துமஸ் என்றான். இடது காலில் ஒழுங்காக நின்றவன், அது அதிகப்படியாகிவிட்டதோ என்று பயந்து, வலது காலுக்கு மாறியதும் மேஜை விளக்கோடு சேர்ந்து சாய்ந்தான். சொந்தப் பெயருக்கு ஒன்று, அணியின் பெயருக்கு ஒன்று, இடது காலுக்கு இரண்டு. முப்பதுக்கு நான்கு. லீக் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு கீழே யாரும் படுத்ததில்லை. எல்லிங்வுட் உடைந்த விளக்கைத் தாண்டி வந்து கைகுலுக்கினார். லைன்பேக்கருக்கு இது மோசமில்லை என்றார்.

அன்று மதியமே தலையணைத் தடிமனுள்ள ஆட்டத்திட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். லோன்செல் அதை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்தான். கோச் ஹாக்ஸ்பி மகிழ்ந்துபோய், தற்காப்பு ஆட்டக்காரர்கள் பதினோரு பேரில் ஒருவனுக்கு மட்டும் கொடுக்கிற, கோச்சின் கட்டளைகளைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லக் காதுக்குள் வானொலி வைத்த ஹெல்மெட்டை அவனுக்குக் கொடுத்தார். அணியிலேயே குறைந்த மூளையுள்ளவன் அணிக்கே மூளையாக இருந்தான். இதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. மருத்துவப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. கோச்சுக்கு மூட்டுவலி. மாடி ஏறமாட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன் ஹாக்ஸ்பி ஒரு உரை நிகழ்த்துவார். ஆட்டக்காரர்கள் ஒரு காலில் முழங்காலிட்டுக் கேட்பார்கள். "யாருக்கும் அடிபடக் கூடாதுங்கறதுல நான் ரொம்பக் கறாரான ஆளு, பசங்களா. அவன் எந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதான். அடிபடறதுக்கும் எந்திரிக்காம கெடக்கறதுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. அந்த எடத்துலதான் நம்ம டீம் விளையாடுது." பிறகு பாதிரியார் எல்லோருடைய பாதுகாப்புக்காகவும் ஜெபிப்பார். எதிரணியின் அறையில் அவர்களுடைய பாதிரியாரும் அதையே ஜெபித்துக்கொண்டிருப்பார். அதன்பின் இரண்டு கூட்டமும் வெளியே வந்து கடவுளைக் குழப்பும்.

லோன்செல்லுக்கு முதல் பெரிய இடி டுலூத் அணியோடு ஆடும்போது விழுந்தது. அவர்களுடைய ஓட்டக்காரன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். லோன்செல்லும் குனிந்தான். இரண்டு ஹெல்மெட்டுகளும் மோதியபோது சிதறுகாய் உடைக்கிற சத்தம் கேட்டது. மேல் வரிசையில் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். டுலூத்காரன் மூக்கிலும் வாயிலும் ரத்தத்தோடு பக்கவாட்டில் சரிந்தான். லோன்செல் மல்லாந்து விழுந்தான். அவனுடைய இரண்டு கைகளும் விறைத்து, விரல்கள் வளைந்து, வானத்தை நோக்கி எழுந்து அப்படியே நின்றன. வெற்றியைக் கொண்டாடுகிறான் என்று நினைத்து எழுபதாயிரம் பேர் எழுந்து தாங்களும் கைகளைத் தூக்கினார்கள்.

அவனை நீலக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். தலையில் அடிபட்டவனைக் கேமராக்களின் கண்ணில் படாமல் சோதிப்பதற்காக மைதானத்தின் ஓரத்தில் அடிக்கிற கூடாரம் அது. வெளிப்பக்கம் முழுக்க ஒரு பிக்கப் லாரியின் விளம்பரம். உள்ளே எல்லிங்வுட் இருந்தார். கூடவே திரு. பெல் இருந்தார். பெல் லீக்கின் சீருடை ஆய்வாளர். ஆட்டக்காரர்களின் காலுறை முழங்கால்வரை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பணி. லோன்செல் ஒரு வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் குந்தி உட்கார்ந்து அவனுடைய கெண்டைக்காலை அளந்தார். இடது காலுறை விதியைவிட இறங்கியிருந்தது. அபராதம் விதித்தார்.

லோன்செல்லுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொன்னான். இருபத்திரண்டு மதிப்பெண் வந்தது. எல்லிங்வுட் தன் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பதினெட்டு மார்க் ஏறியிருக்கு. எந்திரிச்சுப் போங்க."

அவன் வெளியே வந்து கோச்சிடம் யாரோடு ஆடுகிறோம் என்று கேட்டான். பச்சைச் சட்டை போட்டவன் எவனாக இருந்தாலும் அடி என்றார் ஹாக்ஸ்பி.

"நம்ம சட்டை என்ன கலர், கோச்?"

"குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தான். சிவப்பாக இருந்தது. அதில் எவ்வளவு சட்டையின் நிறம் என்று சொல்வது கஷ்டம். ஓடிப்போய் பச்சையாக இருந்தவர்களை அடித்தான்.

அடுத்த சீசனில் இன்னொரு இடி. இருபத்து மூன்று மதிப்பெண். அதற்கடுத்து ஓமாஹாவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், சம்பந்தப்பட்ட சம்பவம் நடந்தது. அவன் பந்தை எறியக் கையை ஓங்கியிருந்த நேரத்தில் லோன்செல் பக்கவாட்டிலிருந்து போய் விழுந்தான். ஊன்றியிருந்த காலின் முன்னெலும்பு பச்சைக் குச்சி முறிவதுபோல இரண்டு தவணையாக முறிந்தது. ஒரு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தது. ஓமாஹாக்காரன் தன் காலைப் பார்த்தான். பிறகு லோன்செல்லைப் பார்த்து, ஏதோ வழி கேட்பவனைப்போல மிகவும் மரியாதையாக, "இது என்னோடதா?" என்றான். பெல் ஓடி வந்து, எலும்பு வெளியே வந்ததால் அவனுடைய காலுறை இறங்கியிருப்பதைக் கண்டார்.

அதீதமான வன்முறைக்காக லோன்செல்லுக்கு லீக் அபராதம் போட்டது. கண்டன அறிக்கை வெளியான அதே காலையில், எலும்பு முறிகிற அந்தக் கணத்தின் வண்ணச் சுவரொட்டி லீக்கின் கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை முழுதும் அவனை ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்து அவற்றில் கையெழுத்துப் போட வைத்தார்கள். வரிசையில் வந்தவர்களில் ஒருவர் ஓமாஹா குவார்ட்டர்பேக்கின் மைத்துனர். ஆஸ்பத்திரிச் சுவர் வெறுமையாக இருக்கிறதாம், பெரிதாக ஒன்று வேண்டும் என்றார்.

லோன்செல்லின் மதிப்பெண்கள் லீக் தலைவர் ப்ரெஸ்காட் விட்டிங்காமின் கவனத்துக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். இந்த ஆட்டம் மூளையைச் சிதைக்கிறது என்று சில விஞ்ஞானிகள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இறந்துபோன ஆட்டக்காரர்களின் மூளைகளை வெட்டிப் பார்த்துச் சொன்னார்கள். உயிரோடு இருக்கும்போது எங்களிடம் ஒன்றும் சொல்லாதவர்கள் செத்த பிறகு சொல்வதை எப்படி நம்புவது என்று விட்டிங்காம் கேட்டிருந்தார். இப்போது அவர் கையில் உயிருள்ள மூளை ஒன்று கிடைத்துவிட்டது. ஃபுளோரிடாவில் ஒரு கடற்கரை ஓட்டலில், அணி முதலாளிகளின் வருடாந்தரக் கூட்டத்தில், லோன்செல்லைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவர் பேசினார்.

"இதோ இவரைப் பாருங்க. நம்மகிட்ட வரும்போது நாலு மார்க். பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் சேர்ந்து பதினாறு வருஷத்துல இவருக்குக் கொடுத்தது அந்த நாலு. நாம ஒரே ஞாயித்துக்கெழம மத்தியானத்துல அதை இருபத்திரண்டு ஆக்கினோம். இன்னொரு இடி, இருபத்து மூணு. நான் விஞ்ஞானி இல்ல. அதனாலதான் என்னால இதை இவ்வளவு உறுதியா சொல்ல முடியுது."

முதலாளிகள் இறால் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். லோன்செல் மூளை நலத் தூதராக அறிவிக்கப்பட்டான். தலை இருப்பது பயன்படுத்தத்தான் என்ற வாசகத்தோடு அவன் முகம் பேருந்துகளின் முதுகில் ஒட்டப்பட்டது. அந்தச் சிரிப்பு அவனுடையதுதான். ஆனால் அதை எடுத்த நாள் அவனுக்கு ஞாபகம் இல்லை.

அவ்வருடமே லீக் ஒரு மூளைச் சிகிச்சை நிலையத்தையும் கட்டி முடித்தது. பச்சைப் புல்வெளி, நீரூற்று, நூறு படுக்கைகள். அடிப்படை மதிப்பெண்ணைவிடக் குறைந்துபோன எந்த ஆட்டக்காரனுக்கும் ஆயுள் முழுக்க அங்கே சிகிச்சை உண்டு. எல்லோரும் தரையோடு தரையாகப் படுத்திருந்ததால் யாரும் குறையவில்லை. நூறு படுக்கைகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. லீக் பாதுகாப்பானது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்றார் விட்டிங்காம். நாடா வெட்டியது லோன்செல். கத்தரிக்கோல் வலது கையில் இருக்கும்போது அதை அவன் இடது கையில் தேடியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் மனைவி ஷார்மேன் சிரிக்கவில்லை. அவள் டொலீடோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்பதைச் சின்னக் கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடிப்பவள். கார்ச் சாவி ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் பட்டாணிப் பாக்கெட்டுக்குள் இருப்பதைப் பார்த்தாள். பச்சை விளக்குக்கு அவன் வண்டியை நிறுத்துவதைப் பார்த்தாள். போன வருடம் செத்துப்போன நாய்க்குச் சாப்பாடு வைத்துவிட்டு, வாசலில் நின்று விசிலடித்துக் கூப்பிடுவதைப் பார்த்தாள். அவனுடைய மதிப்பெண்ணும் இருபது, பதினாறு, பதினொன்று என்று ஒவ்வொரு இடிக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எல்லிங்வுட்டிடம் போய்க் கேட்டாள். முன்னேற்றத்தின் வேகம் சற்று மட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் இன்னும் முன்னேற்றம்தான் என்றார் அவர்.

பழைய ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு அழைத்துக் கௌரவிக்கும் நாள் வந்தது. இடைவேளையில் பொன்னிற மேல்சட்டை போட்ட கிழவர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் சொன்னார்கள். அவர்களுக்குள் வேர்ன் பர்டெட்டும் இருந்தான். நாற்பத்து நான்கு வயதுதான். கை அசைக்க வேண்டிய நேரத்தில் அவன் வரிசையிலிருந்து விலகி, பாண்டு வாத்தியக்காரர்கள் நின்ற இடத்துக்கு நடந்தான். பெரிய பித்தளைக் குழல் வாசிப்பவனுக்கு எதிரே போய், முழங்கால்களை மடக்கி, கைகளைத் தொங்கவிட்டு நின்றான். இடது பக்கம் நகருங்கள், அவன் ஓடப்போகிறான் என்று அங்கே இல்லாத பத்துப் பேருக்குக் கட்டளை கொடுத்தான். பிறகு பாய்ந்தான்.

சுத்தமான இடி. குழல் இரண்டாக மடங்கியது. வாசித்தவனின் பற்கள் சில குழலுக்குள்ளேயே போயின. விழுந்தவன் மார்பில் பர்டெட் ஏறி உட்கார்ந்து, பந்து எங்கேடா என்று அவன் முகத்தில் கோணல் விரல்களால் குத்தினான். ஸ்டேடியம் எழுந்து ஆர்ப்பரித்தது. பெரிய திரையில் அந்த இடியை மூன்று கோணங்களில் மெதுவாகப் போட்டுக் காட்டினார்கள். அவருக்கு ஆட்டத்தின் மேல் இன்னும் எவ்வளவு காதல் பாருங்கள் என்று அறிவிப்பாளர் தழுதழுத்தார். மேல்சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்ததை பெல் குறித்துக்கொண்டார்.

லோன்செல்தான் ஓடிப்போய் அவனை இடுப்போடு சேர்த்துத் தூக்கி எடுத்தான். பர்டெட் மூச்சிரைத்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"புதுப் பையனா நீ? சோதனை எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணே."

"என்ன மார்க்கு?"

"நாலு."

பர்டெட் வாய்விட்டுச் சிரித்தான். அவன் கையில் இன்னொருவனுடைய ரத்தம். அந்தக் கையாலேயே லோன்செல்லின் கன்னத்தைத் தட்டினான். "அப்ப உனக்கு ஒரு கொறையும் வராது, தம்பி."

அந்த வாரம் ஒரு மாலை, குப்பைத் தொட்டியை வெளியே வைத்தாயா என்று ஷார்மேன் இரண்டாவது முறை கேட்டாள். குளியலறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. லோன்செல்லின் முஷ்டி கதவைத் துளைத்துக்கொண்டு முழங்கைவரை உள்ளே வந்தது. மரச்சிம்பு ஒன்று அவள் புருவத்தைக் கிழித்தது. அவன் கையை வெளியே இழுத்து, கையைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான், இதை யார் செய்தது என்று கேட்டான்.

அவள் ரத்தத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த ஓட்டை வழியாகவே பேசினாள்.

"கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன், லோன்."

"தெரியும்."

"தெரியாது உனக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவன் நடையிலேயே தரையில் உட்கார்ந்து, அடுத்த தடவை கதவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். விடிந்ததும் மடிப்புக் கலையாத அந்த நூறு படுக்கைகளில் ஒன்றைக் கேட்டு லீக்குக்கு மனுப் போட்டாள்.

லீக் உடனே பதில் சொன்னது. தாராளமாக அனுமதிப்போம், நான்குக்குக் கீழே போனால் போதும்.

அந்த மனுவை விசாரித்த குழுவில் விட்டிங்காம், எல்லிங்வுட், ஹாக்ஸ்பி மூவரும் இருந்தார்கள். பெல் வாசலில் நின்று லோன்செல்லின் கழுத்துப்பட்டை முடிச்சைச் சரிபார்த்து உள்ளே விட்டார். லோன்செல் எழுந்து நின்று உண்மையைச் சொன்னான். முதல் சோதனையில் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், அந்த நான்கு பொய், எனக்கு இப்போது என் கையே கட்டுப்படவில்லை, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். இவ்வளவையும் சொல்லி முடிக்க நடுவில் இரண்டு முறை ஷார்மேன் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

விட்டிங்காம் கருணையோடு கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது ரொம்பத் தந்திரமான திட்டம், லோன்செல். பல வருஷம் முன்னாடியே யோசிச்சுப் போட்ட திட்டம். நாலு மார்க் வாங்கின ஒருத்தரால இப்படி ஒரு திட்டம் போட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

லோன்செல் யோசித்தான். அவனுக்கும் முடியாது என்றுதான் பட்டது.

ஷார்மேன் எழுந்து, என் புருவத்தைப் பாருங்கள் என்றாள். ஆறு தையல். ஹாக்ஸ்பி கண்ணாடி போட்டுக்கொண்டு ஆர்வமாகப் பார்த்தார். கதவு என்ன மரம் என்று கேட்டார். ஓக் என்றாள். இந்த வயதிலும் ஓக்கா என்று எல்லிங்வுட் பக்கம் திரும்பிப் பெருமைப்பட்டார். விதி விதிதான் என்றார் விட்டிங்காம். இப்போதே சோதனை வைத்துப் பார்த்துவிடலாம். மூன்று வந்தால் நானே கைபிடித்துக் கொண்டுபோய்ப் படுக்கையில் விடுகிறேன்.

சோதனை அறைக்குள் மனைவிக்கு அனுமதி இல்லை. நடையில் அவனை ஓரமாக நிறுத்தி, இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஷார்மேன் சொன்னாள்.

"இங்க பாரு. வாயே தெறக்காத. என்ன கேட்டாலும் பேசாம உக்காந்திரு. உன் பேரைக் கேட்டாக்கூடச் சொல்லாத. புரிஞ்சுதா? என்ன செய்யப்போற, சொல்லு."

"பேச மாட்டேன்."

"பேரு?"

அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். அவள் அவன் நெற்றியில் முத்தமிட்டு அனுப்பினாள். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே எல்லிங்வுட் இருந்தார். மேஜைமேல் விளக்கு இருந்தது. சொற்கள் இந்த முறை வேறு: சீப்பு, தோணி, மிளகு, கதவு, நிலா. அவர் நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். லோன்செல் உட்கார்ந்திருந்தான். தன்னிடம் யாரோ ஏதோ சொல்லி அனுப்பியது அவனுக்குத் தெரிந்தது. அது முக்கியம் என்பதும் தெரிந்தது. என்ன என்பது மட்டும் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. முக்கியமான காரியத்தில் ஒருவன் என்ன செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஒன்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முழு பலத்தோடு முயற்சி செய்ய வேண்டும்.

முயற்சி செய்தான். பெயர் என்ன என்றதும் உரக்கச் சொன்னான். அணியின் பெயரையும் சொன்னான். ஐந்து சொற்களைக் கேட்டபோது மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கழுத்து நரம்புகள் புடைத்தன, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது, பல்லைக் கடித்ததில் ஈறு கசிந்தது. எந்த ஓட்டக்காரனையும் அவன் இவ்வளவு தூரம் துரத்தியதில்லை. ஒரு சொல்கூட அகப்படவில்லை. டிசம்பரைச் சொல்லி, அதற்குப் பின்னால் இருண்ட வீட்டில் சுவரைத் தடவுகிறவனைப்போல ஜன்னல், கதவு என்று எதையெதையோ தொட்டுப் பார்த்து நின்றுபோனான். கண்ணை மூடி இடது காலில் நின்றான். வலது காலுக்கு மாறியதும் மேஜை விளக்கோடு சேர்ந்து சாய்ந்தான்.

எல்லிங்வுட் கூட்டிப் பார்த்தார். பெயருக்கு ஒன்று, அணிக்கு ஒன்று, இடது காலுக்கு இரண்டு.

விட்டிங்காமின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "ஒம்பது சீசன். எத்தனை இடின்னு எண்ணவே முடியாது. வந்தபோது நாலு, இன்னிக்கும் நாலு. ஒத்த மார்க் கொறையல. இந்த ஆட்டம் ஒரு மனுஷனோட தலையைத் தொடக்கூட இல்லங்கறதுக்கு இவர்தான் சாட்சி." எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஆட எந்தத் தடையும் இல்லை என்று எல்லிங்வுட் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை டுலூத்தோடு ஆட்டம், சீக்கிரம் தூங்கு என்றார் ஹாக்ஸ்பி.

லோன்செல் நடைக்கு வந்தான். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

"முழுசா முயற்சி பண்ணினேன், ஷார். எதையும் மிச்சம் வைக்கல."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அவனுடைய கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டாள். உதட்டோரம் இருந்த ரத்தத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். ஊருக்கு வெளியே ரயில்பாதைக் கதவு மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. லோன்செல் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திடீரென்று அவன் முதுகு நிமிர்ந்தது.

"எலுமிச்சை" என்றான்.

அவள் திரும்பினாள்.

"எலுமிச்சை, ஏணி, கம்பளி, முரசு, பாலம்." மடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான். "டாக்டர் கேட்டாரே, அஞ்சு வார்த்தை. இப்ப வந்துடுச்சு. வண்டியைத் திருப்பு, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

கடைசிப் பெட்டி கடந்து போனது. கதவு மேலே எழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஒலி எழுப்பினார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை.

அவன் மடக்கிய விரல்களை மறுபடி விரித்து, மறுபடி மடக்கி, சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுகூட விட்டுப்போகல, ஷார்."